மாவட்டத்துக்குச் சொன்ன மழையும் வயலில் நின்ற தண்ணீரும்

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவில் அதிகம் அலசப்படும் அறிவியல் செய்தி வானிலை அறிக்கைதான். நீடாமங்கலத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு டீக்கடை பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்தால் இரண்டு தீர்ப்புகள் காதில் விழும். "இவங்க பெய்யும்னா பெய்யாது, பெய்யாதுன்னா கொட்டும்" என்பது ஒன்று. "வெளிநாட்டு மாடல்ல பத்து நாளைக்கு முன்னாடியே வந்துடுச்சு, நம்மாளுங்கதான் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இந்த இரண்டும் ஒரே எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தவை. வானிலை அறிக்கை என்பது தன் வயலில், தான் அறுக்க நினைக்கும் நாளில், மழை விழுமா விழாதா என்பதற்கான விடை என்று இரு தரப்பினரும் எடுத்துக்கொள்கிறார்கள். அறிக்கை அந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. இன்றைய நிலையில் சொல்லவும் இயலாது. அது உறுதியோடு சொல்லக்கூடியது, ஒரு மாவட்டம் அளவிலான பரப்பில் அடுத்த இரண்டு மூன்று நாட்களில் எவ்வளவு தண்ணீர் வானத்திலிருந்து இறங்கக்கூடும் என்பதை. அந்தத் தகவல் வயலுக்குப் பயன்படுவதைவிட ஆற்றுக்கும் வடிகாலுக்கும் நன்றாகப் பயன்படும் என்பதும், அதை அங்கே எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது பெஞ்சில் பேசப்படுவதே இல்லை என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், கணிப்பு எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கலாம். காரைக்காலில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையத்திலிருந்து கருவி கட்டிய பலூன் மேலே அனுப்பப்படுகிறது. காற்றின் வேகம், திசை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அது உயர உயரச் சென்று அளந்து அனுப்புகிறது. உலகெங்கும் இத்தகைய பலூன்கள் ஒரே சர்வதேச நேரத்தை ஒட்டி ஏற்றப்படுகின்றன. நம் கடிகாரத்தில் அது காலையும் மாலையும் ஐந்தரை மணி. இவற்றோடு 2016-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் படங்கள், கடலில் மிதக்கும் மிதவைகள், விமானங்கள், கப்பல்கள் ஆகியவற்றின் அளவீடுகள் சேர்கின்றன. இவை அனைத்தையும் கொண்டு, இந்த நொடியில் வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்ற ஒரு முப்பரிமாணக் கணக்கு எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு இயற்பியல் சமன்பாடுகளை மீத்திறன் கணினிகள் படிப்படியாக முன்னோக்கி நகர்த்துகின்றன. லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் கையால் கணக்குப் போட்டு முயன்று 1922-இல் வெளியிட்ட விடை முற்றிலும் தவறாக இருந்தது. 1950-இல் எனியாக் கணினியில் செய்து பார்த்தபோதுதான் வழி திறந்தது.

கணினி வானத்தைத் தொடர்ச்சியான ஒன்றாகப் பார்ப்பதில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறது. 2025 மே மாதத்தில் அறிமுகப்படுத்தப்பட்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கி.மீ. கட்டங்களில் இயங்குகிறது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய இது, அதற்கு முன் பயன்பாட்டில் இருந்த 12 கி.மீ. கட்டத்தைவிடப் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் டெல்டாவின் அளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 கி.மீ. நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு கட்டம் 36 சதுர கி.மீ., அதாவது ஏறத்தாழ 8,900 ஏக்கர். இருபது மா கொண்ட ஒரு வேலிக் கணக்கில் 1,300 வேலிக்கு மேல். அந்தப் பரப்பு முழுவதற்கும் கணினி ஒரே ஒரு மழை அளவைத்தான் வைத்திருக்கிறது. உண்மையில் இத்தகைய கணினி மாதிரி (மாடல்) நம்பகமாக வேறுபடுத்திக் காட்டக்கூடிய நிகழ்வு நான்கைந்து கட்டங்களைச் சேர்த்த அளவிலாவது இருக்க வேண்டும் என்பதால், மன்னார்குடியில் ஒரு தெருவில் மழையும் அடுத்த தெருவில் வெயிலும் இருக்கும் நாளை அது முன்கூட்டியே சொல்லும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

மழையின் வகையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் பிற்பகலில் இடி முழக்கத்தோடு வந்து ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் வெப்பச்சலன மழை, உலையில் எழும் கொதியைப் போன்றது: கொதி வரும் நேரத்தைச் சொல்லலாம், முதல் குமிழி எந்த இடத்தில் எழும் என்பதைச் சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் ரேடார் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு விடப்படும் அறிவிப்பே மிகப் பயனுள்ளது. அது வந்து சேரும்போது மழை தொடங்கிவிட்டிருப்பதால் கேலிக்கும் ஆளாகிறது. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியோ தாழ்வு மண்டலமோ கொண்டுவரும் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு ரகம். நூற்றுக்கணக்கான கி.மீ. அகலமுள்ள அந்த அமைப்பை நான்கைந்து நாட்களுக்கு முன்பே அடையாளம் காண முடிகிறது. ஆக, "வானிலைக் கணிப்பு நம்பகமானதா" என்று பொதுவாகக் கேட்கும் கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. எந்த மாதத்து மழை, எத்தனை நாளுக்கு முன், எவ்வளவு பரப்புக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

அறிக்கையின் மொழியும் பலரைத் தடுமாறச் செய்கிறது. "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்று தொலைக்காட்சியில் வாசிக்கப்படும் வாக்கியம், எப்படியும் தப்பித்துக்கொள்ள வசதியாக எழுதப்பட்ட மழுப்பல் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு வரையறை உண்டு. ஒரு மாவட்டத்திலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்குக் குறைவானவற்றில் மழை பதிவாகும் என்றால் "ஓரிரு இடங்கள்". பாதி வரை என்றால் "ஒருசில இடங்கள்". முக்கால் பங்கு வரை என்றால் "பல இடங்கள்". அதற்கு மேல் என்றால் "பெரும்பாலான இடங்கள்". அதேபோல், காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. எனவே "திருவாரூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்பதன் பொருள், மாவட்டத்தின் முக்கால் பங்கு இடங்களிலாவது கனமழை இருக்காது என்பதுதான். வலங்கைமானில் தூறலோடு நின்று முத்துப்பேட்டையில் 9 செ.மீ. கொட்டினால் அறிக்கை சரியாகவே இருந்தது. வலங்கைமான்காரருக்கு மட்டும் அது பொய்யாகத் தெரியும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களுக்கும் இதே கதிதான். நிறம் மழையின் அளவைக் குறிப்பதாகச் செய்திகள் பழக்கிவிட்டன. வானிலைத் துறையின் நோக்கத்தில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள் என்று பொருள். இந்த நிறங்கள் முதன்மையாகப் பேசுவது நிர்வாகத்தோடு. சிவப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பள்ளிக்கு விடுமுறை, மறுநாள் வெயில் அடித்தால் மாவட்ட ஆட்சியர் மீது மீம்ஸ் என்று போகும் நம் வழக்கத்தில், யார் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

புயல்களைப் பற்றிய கருத்துகளில்தான் நினைவு மிகவும் ஏமாற்றுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை எடுத்துக்கொள்வோம். தொடக்க நாட்களின் அறிவிப்புகள் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடைப்பட்ட கரையைச் சுட்டின. அடுத்து வந்தவை கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று தெற்கே நகர்ந்தன. "முதலில் சென்னை என்றார்கள், கடைசியில் நம் தலையில் விழுந்தது" என்ற குறை பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் இன்றும் உண்டு. ஒரே இரவில் தென்னந்தோப்பை இழந்தவர்கள் அப்படிப் பேசுவதில் வியப்பில்லை. ஆனால் புயல் கரையை நெருங்க நெருங்கக் கணிப்பு இலக்கில் குவிந்தது. கரையோர மக்கள் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டதற்கும் அதுவே அடிப்படை. அண்மைக் காலத்தில் 24 மணி நேரத்துக்கு முந்தைய புயல் பாதைக் கணிப்பில் சராசரிப் பிழை 80 கி.மீ. அளவுக்குக் குறைந்துள்ளது. இது உலகத் தரத்தில் நல்ல எண்தான். நாகப்பட்டினத்திலிருந்து சிதம்பரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால், அந்த நல்ல எண்ணுக்குள்ளேயே மயிலாடுதுறை மாவட்டத்தின் கடற்கரை முழுவதும் அடங்கிவிடுகிறது என்பதும் தெரியும்.

காற்றுக்கும் மழைக்கும் உள்ள வேறுபாடு இன்னொரு குழப்பம். புயல் என்ற பெயர் காற்றின் வேகத்தை வைத்துக் கொடுக்கப்படுகிறது. மழையின் அளவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையைக் கடந்த நிஷா, காற்றின் வேகத்தில் சாதாரணப் புயல்தான்; ஆனால் அப்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெங்கல் புயல், 27 ஆம் தேதியே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டு 29 ஆம் தேதிதான் புயலானது. "புயலே வரலியே" என்று சமூக ஊடகங்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்த 26, 27 தேதிகளிலேயே டெல்டாவின் கடலோரப் பகுதிகளில் சம்பாப் பயிர் நீரில் மூழ்கிவிட்டிருந்தது. பின்னர் அது புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்று, விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்குப் பொழிந்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைச் சூறையாடிய டிட்வா, தமிழகக் கரையை நேராகக் கடக்காமல் கரையோரமாகவே வடக்கே நகர்ந்து வலுவிழந்தது. பெயர் வைக்கப்பட்டதா, எங்கே கரையைக் கடந்தது என்ற இரண்டு கேள்விகளும் செய்திக்கு நல்ல தலைப்பைத் தரும். கீழ்த்தஞ்சைப் பகுதியின் வயலுக்கு அவை இரண்டாம்பட்சம்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பது பெஞ்சுக்கு அண்மையில் வந்து சேர்ந்த நம்பிக்கை. 2023-இல் வெளியான ஹுவாவே நிறுவனத்தின் பாங்கு-வெதர், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ஆகியவை இத்துறையை உண்மையாகவே உலுக்கின. இவை சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. கடந்த நாற்பது ஆண்டு வானிலைப் பதிவுகளைப் படித்து, இன்றைய நிலைக்கு அடுத்து எது வரும் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. மீத்திறன் கணினியில் மணிக்கணக்கில் நடக்கும் வேலை சில நிமிடங்களில் முடிகிறது. புயல் பாதையைச் சொல்வதில் பல நேரங்களில் பழைய முறையை முந்துகின்றன. ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையம் 2025 பிப்ரவரியில் தன் சொந்த நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் 2025-இல் பருவமழைத் தொடக்கம் குறித்த நுண்ணறிவுக் கணிப்புகள் 13 மாநிலங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன. ஆனால் இந்த மாதிரிகளில் முதலில் வந்தவை ஏறத்தாழ 25 கி.மீ. கட்டங்களில் இயங்குபவை, திருவாரூருக்கும் நாகைக்கும் உள்ள தொலைவு அவ்வளவுதான். மேலும், சராசரிப் பிழையைக் குறைக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டவை என்பதால் மிகக் கடுமையான மழையை மழுங்கடித்துக் காட்டும் போக்கும் அவற்றுக்கு உண்டு. ஒரத்தநாட்டில் கொட்டியது போன்ற மழை பழைய பதிவுகளிலேயே அரிது என்பதால், அதைக் கற்றுக்கொள்ள அவற்றுக்குக் கிடைத்த வாய்ப்பும் குறைவு.

யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் இயங்கும் தனிநபர் வானிலை ஆர்வலர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டெல்டாவில் பல விவசாயிகள் அரசு அறிக்கையைவிட இவர்களின் குரல் பதிவுகளைத்தான் கேட்டு முடிவெடுக்கிறார்கள். இவர்களில் சிலர் ஊர்ப் பெயர் சொல்லி, நாற்று விடலாமா, மேலுரம் போடலாமா, அறுக்கலாமா என்று விவசாயியின் கேள்விக்கே விடை தர முயல்கிறார்கள். அந்த அக்கறையை அரசு இயந்திரம் கற்றுக்கொண்டால் நல்லது. வேறு சிலர், பத்து நாட்களுக்குப் பிந்தைய ஒரு மாதிரியின் ஒரே ஒரு ஓட்டத்தை, அதாவது ஒருமுறை போட்ட கணக்கை மட்டும் எடுத்து, சிவப்பு எழுத்தில் "டெல்டாவை மிரட்டும் ராட்சதப் புயல்" என்று போடுகிறார்கள். வளிமண்டலத்தில் தொடக்கத்தில் உள்ள நுண்ணிய பிழை வளர்ந்துகொண்டே போகும் என்பதை 1963-இல் அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். அதனால்தான் முறையான மையங்கள் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல ஓட்டங்களை நடத்தி, அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கின்றன. ஐம்பது ஓட்டங்களில் மூன்று மட்டும் புயலைக் காட்டுவதும் நாற்பத்தைந்து காட்டுவதும் ஒன்றல்ல. வெளிநாட்டு மாடல் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று பெஞ்சில் சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்று பலித்த கதை. பலிக்காமல் போன மற்றவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

சரிபார்க்கும் முறையும் எளிதல்ல. டெல்டாவில்கூட ஆண்டின் பெரும்பாலான நாட்கள் மழையில்லா நாட்களே. ஆகவே நாளை மழை இல்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருப்பார். பயன் எதுவும் இருக்காது. "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்ற நம் பழமொழி ஒரு நல்ல பருவநிலைக் கணிப்பு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 ஐ ஒட்டித் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாநிலச் சராசரி ஏறத்தாழ 44 செ.மீ. என்ற நவீனக் கணக்கோடும் அந்தப் பழமொழி பொருந்துகிறது. ஒரு முன்னறிவிப்புக்குத் திறன் உண்டு என்று சொல்ல வேண்டுமானால், பழமொழியை வைத்துக் கணிப்பவரை அது வெல்ல வேண்டும். இந்த அளவுகோலில் மூன்று நாள் வரையிலான கணிப்புகள் தெளிவாக வெல்கின்றன. ஒரு வாரத்துக்கு மேல் போகப் போக வெற்றி மங்குகிறது. இரண்டு வாரத்துக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளின் மழையைச் சொல்பவர் பழமொழியைத்தான் வேறு குரலில் சொல்கிறார்.

இனி வயலுக்கு வருவோம். டெல்டாவில் மழை இரண்டு கட்டங்களில் விவசாயியைப் பிடிக்கிறது. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் பருவமழையின் வாயிலில் வந்து நிற்கிறது. அப்போது பெய்தால் கதிர் சாய்ந்து முளைக்கிறது, வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காமல் கூடுதல் வாடகையில் பெல்ட் வண்டி தேட வேண்டியிருக்கிறது, அறுத்த நெல்லும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிவிடுகிறது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் சம்பாவுக்கும் இதே கதி நேர்ந்து, மத்தியக் குழு வந்து பார்த்த பிறகு ஈரப்பத வரம்பு தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. இரண்டாவது கட்டம் கார்த்திகையில், சம்பாவும் தாளடியும் இளம் பயிராக இருக்கும்போது. பயிரின் நுனி நீருக்கு வெளியே தெரியும் வரை பெரிய சேதமில்லை; முழுவதும் மூழ்கி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் அழுகிவிடும். வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர்.1009 சப்-1 போன்ற ரகங்கள் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் என்றாலும், எல்லாரும் அந்த ரகத்தையே விதைப்பதில்லை. ஆக, இளம் பயிரின் உயிர் எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட அது எத்தனை நாளில் வடிந்தது என்பதில்தான் இருக்கிறது.

வடிவதற்கு என்ன தடை? கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி என்று கிளைத்து ஓடும் நீர், கடலை நெருங்க நெருங்கச் சரிவை இழக்கிறது. மேல்பகுதியின் வடிகாலே கீழ்ப்பகுதியின் பாசன வாய்க்காலாக இருப்பது நம் பழைய பாசன அமைப்பின் இயல்பு. தண்ணீர் குறைந்த காலத்தில் அது சிக்கனம், மிகுந்த காலத்தில் மேலே வடித்தவரின் நீர் கீழே இருப்பவரின் வயலில் ஏறும் வினை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வடிகாலை அடைக்கின்றன. முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது. தாழ்வு மண்டலம் கரையருகே நிற்கும்போது கடல் மட்டமும் சற்றே உயர்ந்து, கரை நோக்கி வீசும் காற்று அலைகளைத் தள்ள, ஆற்றுநீரைக் கடல் வாங்க மறுக்கிறது. தஞ்சாவூரைச் சுற்றி 10 செ.மீ. பெய்தால் மறுநாள் வரப்பில் நடக்கலாம். அதே 10 செ.மீ. கடலை ஒட்டிய, ஆற்றின் கடைசிப் பகுதியான (கடைமடை) தலைஞாயிற்றில் பெய்தால் நிலைமை வேறு. ஒரே எண், ஒரே நிறம், இரண்டு விளைவுகள்.

அந்த 10 செ.மீ. என்பதன் பருமனையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு லட்சம் ஹெக்டேர் பரப்பில் 10 செ.மீ. மழை விழுந்தால் 10 கோடி கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 3.5 டி.எம்.சி. தண்ணீர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது டெல்டாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; ஜூன் 12 இல் திறப்பார்களா என்பது ஊரே கணக்குப் போடும் கேள்வி. 2022-இல் மே 24 ஆம் தேதியே திறந்ததும், 2024-இல் நீரின்றி ஜூலை 28 வரை காத்திருந்ததும், அடுத்த இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டதும் அனைவருக்கும் நினைவிருக்கிறது. வரும் தண்ணீருக்கு இவ்வளவு கூர்மையான பொதுக்கணக்கு வைத்திருக்கும் நாம், போக வேண்டிய தண்ணீருக்கு அப்படி ஒரு கணக்கை வைத்துக்கொள்ளவே இல்லை. எந்த வடிகால் ஒரு நாளைக்கு எவ்வளவு கடத்தும், எந்தக் கடைமடை ஷட்டர் எப்போது திறக்கப்பட்டது என்பவை யாருடைய வாயிலும் எண்ணாக வருவதில்லை.

வானிலைக் கணிப்பு இங்கேதான் உண்மையாகப் பொருந்துகிறது. மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் அளவுக்கு ஆகிறது. அங்கிருந்து கடைமடை போய்ச்சேர மேலும் பல நாட்கள். ஆகவே மழை தொடங்கிய பிறகு மேட்டூரிலோ கல்லணையிலோ திறப்பைக் குறைப்பதால் கீழே உடனடிப் பயன் இல்லை. ஏற்கனவே ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும் பாசன நீர் மழைநீரோடு சேர்ந்தே வயலுக்குள் நிற்கும். வாய்க்கால்களை முன்கூட்டியே தாழ்த்திவைத்து, உபரியை முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்துக்குத் திருப்பி, கடைமடை ஷட்டர்களைக் கடல் ஏற்றம் வருமுன் திறந்து வடிகாலை வெறுமையாக்க வேண்டுமானால், தேவைப்படும் அவகாசம் இரண்டு மூன்று நாள். தேவைப்படும் துல்லியம் மாவட்ட அளவு. இன்றைய கணிப்பு மிகத் திறமையாகத் தருவதும் அதே அவகாசத்தைத்தான், அதே அளவில்தான். நீர்வளத் துறை இதைச் செய்வதே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. பெருமழை எச்சரிக்கையின்போது திறப்பு குறைக்கப்படுவதுண்டு. குறைந்தால் "தண்ணி வரல" என்று மேல்பகுதியில் எழும் குரலும், மழை ஏமாற்றிவிட்டால் வரும் பழியும் அதிகாரியின் கையைக் கட்டுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று முறை வீணாகத் தாழ்த்திவைத்தாலும் நான்காவது முறை பல்லாயிரம் ஏக்கர் தப்பினால் அது லாபமே என்ற கணக்கு, கணிப்பு தவறினால் கேலி செய்யும் சூழலில் யாருக்கும் துணிவு தருவதில்லை.

தனி விவசாயிக்கும் இதே கணக்கு உண்டு. மூன்று நாளில் மழைக்கு ஐம்பது சதவீத வாய்ப்பு என்றால், முற்றிய குறுவையை இரண்டு நாள் முன்னதாக அறுப்பதில் இழப்பு சிறிது, அறுக்காமல் விட்டால் வரக்கூடிய இழப்பு பெரிது. அதே ஐம்பது சதவீதத்துக்கு யூரியா போடுவதைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் செலவில்லாத முடிவு. நேரடி விதைப்புக்கு விதை தெளிக்கும் நாளிலோ கணக்கு வேறு. இப்படி ஒரே கணிப்பை ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறாகப் பிரித்துச் சொல்வதற்காகவே கிராமிய வேளாண் வானிலைச் சேவை என்ற திட்டத்தின் கீழ் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்ட வாரியாக வேளாண் ஆலோசனை அறிக்கைகள் வெளியாகின்றன. அதன் நீட்சியாக வேளாண் அறிவியல் நிலையங்களில் தொடங்கப்பட்ட 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024-இல் நாடு முழுவதும் மூடப்பட்டன. தரவைத் தானியங்கி முறையிலேயே திரட்ட முடியும்போது ஆட்கள் எதற்கு என்பது அதற்குப் பின்னிருந்த எண்ணம். மேகதூத் செயலி அதே அறிக்கையைக் கைப்பேசியில் காட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் தலைஞாயிற்றில் சாவித்திரி ரக நெல் நட்டு இருபது நாளான ஒருவருக்கு இந்த வார மழை என்ன செய்யும் என்று வட்டாரம் அறிந்து சொல்ல ஒரு ஆள் இருந்த இடத்தை, மாவட்டத்துக்கு ஒரே வாக்கியம் எழுதும் செயலி நிரப்பியதாக நான் கருதவில்லை.

தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தை எடுத்தது. மழை எங்கே எவ்வளவு விழுந்தது என்ற கேள்விக்கு அது நெருக்கமான விடையைத் தரும். சென்னைக்கும் மும்பைக்கும் உருவாக்கப்பட்டது போன்ற வெள்ள முன்னறிவிப்பு, அதாவது இவ்வளவு மழைக்கு இந்த இடத்தில் இவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்று சொல்லும் அமைப்பு, வெண்ணாற்றுக் கடைமடைக்குத் தேவை. அதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் வானத்தில் இல்லை: ஒவ்வொரு வடிகாலின் இன்றைய அகலமும் ஆழமும், நிலத்தின் உயர வரைபடம், முகத்துவாரத்தின் நிலை, ஷட்டர்கள் திறந்து மூடிய நேரப் பதிவு ஆகியவையே அவை. ஆண்டுதோறும் சித்திரை, வைகாசியில் தூர்வாரும் பணி நடக்கும்போது எந்த ஆற்றில் எத்தனை கி.மீ., எவ்வளவு செலவு என்ற பலகை கரையில் நடப்படுகிறது. தூர்வாரிய பிறகு அந்த வடிகால் நாளொன்றுக்கு எவ்வளவு நீரைக் கடத்தும் என்ற ஒரு வரியையும் அதே பலகையில் எழுதினால், அடுத்த ஐப்பசியில் 12 செ.மீ. என்று அறிக்கை வரும்போது தன் ஊருக்கு அது எத்தனை நாள் தண்ணீர் என்பதைப் பெஞ்சில் இருப்பவரே கணக்குப் போட்டுவிட முடியும்.